ஏரிக்கரை விருந்தினர்

மெக்ஸிக்கோ தேசத்தின் மேற்குப் புறத்தில் ஹாலிஸ்கோ என்னும் மாகாணம் ஒன்று உண்டு. அதன் தலைநகராகிய குவாதலஹாராவிலிருந்து தெற்கே முப்பது மைல் அளவு சென்றால் சப்பாலா என்னும் ஏரி எதிர்ப்படும். அத்தேசத்தில் அதனினும் பெரிய ஏரி வேறில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஐயாயிரம் அடி உயரத்தில் அது கிடக்கின்றது. அஃதாவது, நம் கேமரன் மலையின் உயரம் என்று வாசகர்கள் கருதிக்கொள்ளலாம். வெயிலும் அளவோடு அடிக்கும். குளிரும் அளவோடு வீசும். ஏரியின் வடகரையில் சப்பாலா, அஹிஹிக் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. வலை வீசியும் சோளம் விதைத்தும் வயிறு வளர்த்த மக்களின் ஊர்கள் அவை. இன்று அவ்வூர்த் தெருக்களில் நடப்போருள், நரைத்த தலையும் வெளுத்த மேனியும் உடைய வடநாட்டார் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் ஆயுளின் பெரும்பகுதியை வேலையிற் கழித்து, உபகாரச் சம்பளம் பெற்று, எஞ்சிய நாட்களை அமைதியாகப் போக்க வந்தவர்கள் அவர்கள்.

வேலையினின்று நீங்கியவன் பிறந்த ஊருக்குத் திரும்புவதே உலக வழக்கம். அவ்வாறிருக்க, இவர்கள் மட்டும் பிறந்த ஊரையும் பெற்ற மக்களையும் விட்டு, பாஷை தெரியாத அயல்நாட்டுக்கு முதுமையில் குடிபெயர்ந்தது ஏன்? அவர்களைக் கேட்டால், காற்று நன்று என்பார்கள். மக்கள் அன்புடையவர்கள் என்பார்கள். பூக்கள் ஆண்டு முழுவதும் பூக்கின்றன என்பார்கள். மூன்றும் மெய்யே. ஆயினும் ஆபீசில் உட்கார்ந்து பிறர் கூலியைக் கூட்டிக் கழித்துப் பழகிய நமக்கு, அந்தப் பூக்களுக்குப் பின்னால் ஒரு பேரேடும் தென்படுகின்றது. அப்பேரேட்டின் வரவையும் செலவையும் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முதலில் வந்தவர்கள் உபகாரச் சம்பளக்காரர் அல்லர், சுகவாசிகள். 1876-ஆம் ஆண்டில் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றிய போர்பீரியோ தியாஸ் என்பவர், இடையில் நான்கு ஆண்டு நீங்கலாக, 1911 வரையில் மெக்ஸிக்கோவை ஆண்டார். இரயில் பாதை, சுரங்கம், எண்ணெய்க் கிணறு, பெருநிலம் ஆகிய எல்லாவற்றின் கதவையும் அயல்நாட்டு முதலாளிகளுக்கு அவர் திறந்துவிட்டார். 1888-ஆம் ஆண்டில் குவாதலஹாராவை இரயில் எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் செப்டிமஸ் குரோ என்னும் பிரிட்டிஷ்காரர் சப்பாலாவுக்கு வந்து சேர்ந்தார். அவ்வூரின் வெந்நீரூற்றும் ஏரிக்காற்றும் அவருக்குப் பிடித்துப்போகவே, கரையோரத்தில் மாளிகைகள் கட்டினார். குவாதலஹாராவின் செல்வர்களும் அவரைப் பின்பற்றினர். தியாஸ் தாமும் ஈஸ்டர் விடுமுறைக்குப் பன்முறை அங்கே வந்து தங்கினார். ஜனாதிபதி குளிக்கும் துறையில் பிரபுக்களும் குளிக்க விரும்புவது எந்நாட்டுக்கும் பொது. மாளிகையின் தோட்டத்துக்கு நீரிறைத்தவரும், பிரபுவின் பெட்டியைச் சுமந்தவரும் யார் என்பதைச் சரித்திரக்காரர்கள் எழுதிவைக்கவில்லை.

அந்தக் காலத்தின் முடிவு 1910-இல் தொடங்கியது. நிலமற்ற குடியானவர்களும், சுரங்கத் தொழிலாளிகளும், வடக்கே மாடு மேய்த்தவர்களும் துப்பாக்கி தூக்கினர். பத்தாண்டுக் காலம் இரத்தம் ஓடிய அப்புரட்சியின் வரலாற்றை முழுவதும் சொல்ல இங்கே இடமில்லை. நம் விஷயத்துக்கு வேண்டியது, 1917-ஆம் ஆண்டில் கெரெத்தாரோ நகரில் அவர்கள் எழுதிய அரசியல் சட்டம். அதிலும் இரண்டே விதிகள்.

27-ஆம் விதி நிலத்தைப் பற்றியது. தேசத்தின் எல்லைக்குட்பட்ட நிலமும் நீரும் ஆதியில் தேசத்துக்கே உரியவை என்று அது தொடங்குகின்றது. எல்லைக் கோட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளும், கடற்கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்ளும் எந்த அந்நியனும் நேரடியாக நிலம் வைத்திருக்கக் கூடாது. உள்நாட்டில் வாங்கலாம், ஆனால், அந்நிலத்தைப் பொறுத்தவரையில் தன்னை மெக்ஸிக்கோ பிரஜையாகவே கருதிக்கொள்வதாகவும், தன் சொந்த அரசாங்கத்தின் பாதுகாப்பை ஒருபோதும் நாடுவதில்லை என்றும், நாடினால் நிலம் தேசத்துக்குப் போய்ச் சேரும் என்றும் வெளிநாட்டு மந்திரியின் காரியாலயத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 33-ஆம் விதி இன்னும் கூர்மையானது. தேசத்தின் அரசியல் விவகாரங்களில் அந்நியர் எவ்வகையிலும் தலையிடக் கூடாது; வேண்டாதவன் என்று அரசாங்கம் கருதும் அந்நியனை விசாரணையின்றி உடனே வெளியேற்றலாம். விசாரணையின்றி என்ற இப்பகுதி 2011-இல் திருத்தப்பட்டு, வெளியேற்றுமுன் அவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றாயிற்று.

கடுமையான விதிகள் என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவற்றை எழுதியவர்கள் முன்பு பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். 1848-இல் முடிந்த ஒரு யுத்தத்தில் அத்தேசம் தன் நிலப்பரப்பிற் பாதிக்குக் குறையாததை வடக்கு அயலானிடம் பறிகொடுத்தது. எஞ்சிய பாதியிலும் தியாஸ் காலத்து அந்நிய முதலாளிகள் தம் கப்பற்படையைக் காட்டி வழக்காடினர். ஆகவே, வா, இரு, வீடு வாங்கு, ஆனால் எஜமானன் ஆகாதே என்று அவர்கள் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். விருந்தினனுக்கு உரிய ஆசனம் எது என்பதை விருந்து தொடங்குமுன்னரே சொல்லிவிட்ட தேசங்கள் உலகில் மிகச் சில.

புரட்சியின் புழுதி அடங்கியதும் எழுத்தாளரும் ஓவியரும் வரத் தொடங்கினர். ஆங்கிலம் படித்த நம் வாசகர்களிற் பலர் டி. எச். லாரன்ஸ் பெயரை அறிவர். 1923-ஆம் ஆண்டின் கோடையில் அவர் சப்பாலாவில் வீடு பிடித்துத் தங்கி, 1926-இல் வெளிவந்த தம் மெக்ஸிக்கோ நாவலின் முதற்படியை அந்த ஏரிக்கரையில் அமர்ந்து எழுதினார். வர்ணனை வெகு அழகு. ஆனால் ஏரிக்கரை மக்களை அவர் இருண்ட மர்மமாகவே கண்டார். மீன் என்ன விலைக்குப் போகின்றது, வலை கிழிந்தால் யாரிடம் கடன் வாங்குகின்றார்கள் என்று அவர் கேட்டதாக நமக்குத் தோன்றவில்லை. ஓய்வாக வந்து பார்ப்பவன் கண்ணுக்கு உழைப்பவன் காட்சியாகிவிடுகின்றான். இது லாரன்ஸ் ஒருவரின் குறை அன்று.

இனி, சப்பாலாவை விட்டுக் கிழக்கே வேறொரு மலைநகரத்துக்குப் போக வேண்டும். வந்து குடியேறும் வழக்கம் பெரிய அளவில் தொடங்கியது அங்கேதான். குவானஹுவாத்தோ மாகாணத்தில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் சான் மிகேல் தெ அயெந்தெ என்னும் நகரம் இருக்கின்றது. ஸ்பானியரை எதிர்த்து 1810-இல் எழுந்த விடுதலைப் போரின் தளபதிகளுள் ஒருவராகி, 1811-இல் சுட்டுக் கொல்லப்பட்ட இக்னாசியோ அயெந்தெயின் பிறப்பிடம் அது. வெள்ளிச் சுரங்கங்களின் செழிப்பால் உயர்ந்த அந்நகரம், அச்செழிப்புக் குன்றியதும் தானும் குன்றியது. அதன் நடுவே இளஞ்சிவப்புக் கல்லாலான ஒரு தேவாலயம் கூரிய கோபுரங்களோடு நிற்கின்றது. அதன் முகப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியவர் செபெரினோ குத்தியெரெஸ் என்னும் உள்ளூர்க் கொத்தனார். ஐரோப்பியக் கோயில்களின் படங்களைப் பார்த்து அதனை அமைத்தார் என்றும், வேலையாட்களுக்கு மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டுவார் என்றும் அவ்வூரார் சொல்கின்றனர்.

1937-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்துச் செல்வக் குடும்பத்து இளைஞர் ஸ்டர்லிங் டிக்கின்சன் என்பவர், விடியற்காலை மூடுபனியின் ஊடே அக்கோபுரங்களைக் கண்டு, இவ்வூரிலேயே தங்குவேன் என்று தீர்மானித்தார். கைவிடப்பட்ட தோல் பதனிடும் கொட்டில் ஒன்றை 90 டாலருக்கு வாங்கி வீடாக்கிக்கொண்டார். மறு ஆண்டிலே, பெலிப்பே கோஸியோ தெல் போமார் என்னும் பெரு நாட்டு ஓவியர் அங்கே ஒரு பழைய கன்னிமாடத்தில் ஓவியப் பள்ளி தொடங்கினார். அதனை நடத்துவதில் டிக்கின்சன் அவருக்கு வலக்கரமானார். கன்னிமாடத்தை அதற்குக் கொடுத்துதவிய ஜனாதிபதி லாசாரோ கார்தெனாஸ், அதே 1938-இல் அயல்நாட்டு எண்ணெய்க் கம்பெனிகளைத் தேசத்தின் உடைமையாக்கியவர் என்பதையும் நினைவிற்கொள்க. எண்ணெய்க் கிணற்றை எடுத்துக்கொண்ட அதே கை, சித்திரம் எழுத வந்த அந்நியனுக்கு இடம் கொடுத்தது. இதில் முரண்பாடு ஏதும் இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவை அவர்கள் அரசாங்கமே ஏற்றது. அயல்நாட்டிலும் படிக்கலாம் என்று விதி இருந்தது. மாதந்தோறும் படியாக மணமாகாதவனுக்கு 65 டாலர் கிடைத்தது. 1948-இல் அது 75 ஆயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் 'லைஃப்' என்னும் அமெரிக்கப் படச் சஞ்சிகை, சான் மிகேலைச் சிப்பாய்களின் சொர்க்கம் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டு எழுதியது. குடியிருக்க மாதம் பத்து டாலர் வாடகை. வேலைக்காரிக்கு மாதம் எட்டு டாலர். மதுபானமும் சிகரெட்டும் காசுக்கணக்கில் கிடைக்கும். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் அப்பள்ளிக்கு விண்ணப்பம் எழுதினார்களாம். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 75-இல் வாடகையும் வேலைக்காரியும் போக 57 மிச்சம். வேலைக்காரி வாங்கும் எட்டில் அவள் வாடகை, சோளமாவு, பிள்ளைகளின் துணி எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? அதனை அச்சஞ்சிகை எழுதவில்லை.

அவ்வோவியப் பள்ளியின் கதையும் ருசிகரமானதே. 1948-இல் புகழ்பெற்ற சுவரோவியரும் பொதுவுடைமைக்காரருமான சிகெய்ரோஸ் அங்கே சுவரோவியம் எழுத வந்தார். பள்ளியின் அப்போதைய உரிமையாளரோடு அவருக்குப் பெருஞ்சண்டை மூண்டு, ஆசிரியரும் மாணவரும் கூட்டமாக வெளியேறினர், பள்ளி சரிந்தது. முற்றுப்பெறாத அச்சுவரோவியத்தைக் கன்னிமாடத்தில் இப்போதும் காணலாம். 1950-இல் டிக்கின்சனும் உடன் ஆசிரியர் சிலரும் முறையான வேலை அனுமதி இல்லை என்ற காரணம் காட்டப்பட்டு நாட்டைவிட்டே அனுப்பப்பட்டனர்; பின்னர்த் திரும்ப அனுமதி கிடைத்தது. சட்டம் ஏட்டளவில் உறங்கவில்லை என்பதற்கு இது சான்று. திரும்பி வந்த டிக்கின்சன், ஊர்ப்பிள்ளைகளோடு பேஸ்பால் ஆடியும், மலைகளில் ஆர்க்கிட் செடி தேடியும், 1998-இல் இறக்கும்வரை அவ்வூரானாகவே வாழ்ந்தார்.

சிப்பாய் மாணவர் தெற்கே போன அதே ஆண்டுகளில், வடக்கே ஒரு பிரயாணம் நடந்துகொண்டிருந்தது. இதனைச் சொல்லாமல் விடுவோமாயின் பேரேட்டில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டதாகும். 1942 ஆகஸ்டில் மெக்ஸிக்கோவும் அமெரிக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. யுத்தத்தால் ஆட்குறைந்த அமெரிக்கப் பண்ணைகளுக்கும் இரயில் பாதைகளுக்கும் மெக்ஸிக்கோ ஆட்கள் ஒப்பந்தத்தின்பேரில் அனுப்பப்பட்டனர். கையால் உழைப்பவர் என்னும் பொருள்பட அவர்களுக்கு 'பிராசெரோ' என்று பெயர். 1964-இன் முடிவு வரையில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் 45 இலட்சத்துக்கு மேல். தொடக்கத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 30 சென்ட். ஒப்பந்தம், ஆள்கட்டு, மருத்துவச் சோதனை, கொட்டகை வாசம், பிடித்தம் என்னும் சொற்களைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் விளக்க வேண்டும். முதற்சில ஆண்டுகளில் அவர்களின் கூலியில் நூற்றுக்குப் பத்து பிடிக்கப்பட்டு, ஊர் திரும்பிய பின் பெற்றுக்கொள்ளலாம் என்று மெக்ஸிக்கோ பாங்கிகளுக்கு அனுப்பப்பட்டது. அவர்களின் ஓய்வுக்கால முதல் அதுவே. பெரும்பாலோர் அப்பணத்தைக் கண்ணாற் காணவில்லை. தள்ளாத வயதில் அவர்கள் ஊர்வலம் போயும் வழக்காடியும் வந்ததன் பயனாக, 2005-இல் மெக்ஸிக்கோ அரசாங்கம் ஒரு நிதி ஏற்படுத்தி, சான்று வைத்திருந்தோருக்குத் தலைக்கு 38,000 பெஸோ கொடுக்க முன்வந்தது. அறுபது ஆண்டுக்கு முந்திய ஒப்பந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர் எத்தனை பேர்! சீட்டோடு அவர் உயிரும் தங்கியிருக்க வேண்டுமே!

இப்போது அஹிஹிக்குக்குத் திரும்புவோம். 1943-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மிச்சோவக்கான் மாகாணத்தில் ஒரு குடியானவனின் சோளக்கொல்லையில் தரை பிளந்து பரிகுத்தின் என்னும் எரிமலை பிறந்தது. உலகமெங்கும் அதிசயமாகப் பேசப்பட்ட அவ்வெரிமலையில் அடிபட்டவர்களுள் நீல் ஜேம்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஒருவர். உலகம் சுற்றிப் பிரயாண நூல்கள் எழுதியவர். உடம்பு தேற ஏரிக்கரைக்கு வந்தவர், 1994-இல் நூறு வயதை நெருங்கி இறக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார். இவ்வம்மையாரைப் பற்றி நாம் சற்று விரிவாகவே சொல்வோம். ஊர்ப் பெண்கள் பூவேலை செய்த இரவிக்கைகளை வெளியூராருக்கு விற்க வழிசெய்தார். பட்டுப்புழு வளர்ப்பும் நெசவும் தொடங்கிப் பார்த்தார். 1950-களில் ஊர்ப்பிள்ளைகளுக்கென்று நூலகம் திறந்தார். அங்கே சித்திரம் எழுதவும் கற்பித்தனர். வலை காயப்போடும் கரையில் கரித்துண்டால் கோடு கிழித்துத் திரிந்த பிள்ளைகளுட் சிலர், பின்னாளில் பெயர் சொல்லத்தக்க ஓவியர்களாகித் தம் ஊர்ச் சுவர்களையே சித்திரக்கூடமாக்கினர். தம் வீட்டையும் தோட்டத்தையும் அவர் அங்குள்ள அயல்நாட்டார் சங்கத்துக்கு எழுதிவைத்தார். பிள்ளைகளின் சித்திர வகுப்பு நின்றுபோகாமல் அங்கே தொடர்ந்து நடந்துவருகின்றது.

அச்சங்கம் 1955-இல் தோன்றியது. ஆங்கிலப் புத்தகம் இரவல் வாங்கவும், சீட்டாடவும், புதிதாக வந்தவருக்கு எந்த வைத்தியர் நல்லவர், எந்தக் காரியாலயத்தில் எந்தப் பாரத்தை நிரப்புவது என்று சொல்லவும் அது கூடிற்று. பாரம் என்றதும் நினைவு வருகின்றது. அயல்நாட்டிலிருந்து தனக்கு மாதாந்தர வருமானம் உண்டு என்று காட்டியவனுக்கே, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய குடியிருப்புச் சீட்டு கிடைக்கும். உள்ளூரில் கூலி வாங்கி வேலை செய்யக் கூடாது. எஃப். எம். 3 என்ற அச்சீட்டின் பெயரை அந்நாளைய விருந்தினர் பெருமூச்சோடு உச்சரிப்பர். 2011-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பின் பெயரும் முறையும் மாறின. வருமானம் காட்டும் வழக்கம் மாறவில்லை. நம் மலேசியாவும் 2002 முதல், 'இரண்டாவது இல்லம்' என்று ஒரு திட்டம் வகுத்து, பணமுள்ள அயல்நாட்டாரைப் பினாங்கிலும் பிற இடங்களிலும் குடியிருக்க அழைத்துவருவதை வாசகர்கள் அறிவர். ஆகவே ஏரிக்கரையின் கதை நமக்குத் தூரத்துக் கதையும் அன்று.

பேரேட்டின் வரவுப் பக்கத்தில் முதல் வரி உபகாரச் சம்பளம். அமெரிக்காவில் சமூகக் காப்புச் சட்டம் 1935-இல் நிறைவேறியது. மாதாந்தரத் தொகை 1940 ஜனவரியில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. தொழிலாளியும் குமாஸ்தாவும் கிழப்பருவத்தில் பிறர் கையை எதிர்பாராமல் வாழலாம் என்ற எண்ணமே அப்போதுதான் அங்கே பொதுமக்களுக்கு உரியதாயிற்று. (நம் சேமநிதிச் சட்டம் வந்தது 1951-இல்.) ஆனால் சிக்காகோவில் அத்தொகை வாடகைக்கும் கரிக்கும் போதாது. அஹிஹிக்கில் அதே தொகைக்கு வீடு, தோட்டக்காரன், சமையற்காரி மூன்றும் கிடைத்தன. காரணம், இரண்டாம் வரியாகிய நாணய மாற்று. 1940-களில் ஒரு டாலருக்கு 4.85 பெஸோ, 1949-இல் 8.65, 1954-இல் 12.50. அந்தக் கடைசி விலை 1976 வரையில் அசையாமல் நின்றது. பெஸோ விழும்போதெல்லாம் விருந்தினரின் பை நிரம்பியது. சந்தையில் தக்காளி வாங்கும் ஊர்க்காரியின் பை சுருங்கியது. நம் இரசத்தில் மிதக்கும் அத்தக்காளிக்கும் மிளகாய்க்கும் பிறந்தகம் அந்தத் தேசமே என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

அந்தக் கத்தி விருந்தினரையும் ஒருமுறை வெட்டியது. மெக்ஸிக்கோ பாங்கிகள் டாலர்க் கணக்குக்கு அதிக வட்டி தந்ததால், ஓய்வுபெற்றோர் பலர் தம் சேமிப்பை அங்கே போட்டிருந்தனர். 1982 ஆகஸ்டில் கடன் நெருக்கடி முற்றியபோது, அரசாங்கம் அக்கணக்குகளையெல்லாம் வெளிச்சந்தையினும் குறைந்த விலையில் பெஸோவாக மாற்றிவிட்டது. செப்டம்பர் முதல் நாள் பாங்கிகளும் அரசுடைமையாயின. பலருடைய ஆயுட்கால மிச்சம் சில வாரங்களில் பாதிக்கும் கீழாயிற்று. தம் அரசாங்கத்திடம் முறையிட்டுப் பயனில்லை. மெக்ஸிக்கோ தொழிலாளியின் கூலியும் அதே வாரங்களில் அதே வேகத்தில் கரைந்தது; அவனுக்கு மட்டும் வடக்கேயிருந்து அடுத்த மாதத்துச் செக் வரவில்லை.

பணத்தை மட்டுமே பேசினால், அந்த மக்களின் வாழ்வில் இவர்கள் கண்ட இன்பத்துக்கு அநியாயம் செய்தவராவோம். மாலையில் ஊர் நடுச் சதுக்கத்தில் வாத்தியம் ஒலிக்க, கன்னியர் ஒருபுறமாகவும் காளையர் எதிர்ப்புறமாகவும் வட்டமிட்டு நடந்த பழைய வழக்கம். நவம்பர் முதலிரு நாட்களில் இறந்தோர் கல்லறைகளில் மஞ்சள் செண்டுப்பூக்களைப் பரப்பி, அவர்களுக்குப் பிடித்த பலகாரத்தை வைத்து இரவெல்லாம் உடனிருக்கும் அன்பு. அஹிஹிக்கில் அந்திரேயர் திருநாளுக்கு ஒன்பது நாள் கொண்டாட்டம். நோன்புக்கு முன் முகமூடி அணிந்து மாவை வாரி இறைத்துத் துரத்தும் வேடக்காரர். கடிகாரத்துக்கு அடிமைப்பட்டு நாற்பதாண்டு உழைத்துத் தனியாகிவிட்ட கிழவருக்கு, பாட்டியையும் பேரனையும் ஒரே திண்ணையில் வைத்திருக்கும் ஊர் எப்படித் தோன்றியிருக்கும்! ஆனால் திருநாள் என்றால் விடியுமுன் வாணவெடி. சான் மிகேலில் தேவதூதர் மிக்கேல் திருநாளன்று நான்கு மணிக்கே வானம் அதிரும். வெடிச் சத்தத்தால் தூக்கம் கெடுகின்றது, நாய்கள் அஞ்சுகின்றன என்று சில விருந்தினர் முறையிடுவதுண்டு. கலாசாரத்தை விரும்பி வந்தவர் அதன் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்கின்றார்!

எல்லா அமெரிக்கரும் உபகாரச் சம்பளக்காரர் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 2020-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் மெக்ஸிக்கோவில் வசித்த அயல்நாட்டிற் பிறந்தோர் 12 இலட்சம். அவர்களுள் ஏறக்குறைய 8 இலட்சம் பேர் அமெரிக்காவிற் பிறந்தவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் யார் தெரியுமா? வடக்கே வேலைக்குப் போய்த் திரும்பிய மெக்ஸிக்கோ பெற்றோரின் பிள்ளைகள்! பாஸ்போர்ட்டு ஒன்றே, திண்ணையிற் சாய்ந்திருப்பவர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் ஸ்பானியம் திக்கித் திக்கிப் படிப்பவர் ஒருவர்.

விருந்து பெருகப் பெருக வீட்டுக்காரருக்கு நெருக்கடியும் பெருகியது. அஹிஹிக்கும் சான் மிகேலும் எல்லையிலும் கடலிலும் சேராதவை ஆதலால், அங்கே அந்நியர் நேரடியாகவே வீடு வாங்கலாம். சான் மிகேல் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அஹிஹிக்குக்கு 2020-இல் அரசாங்கமே 'மாய ஊர்' என்று பட்டம் சூட்டியது. நகர நடுவில் பாட்டன் கட்டிய வீட்டை நல்ல விலைக்கு விற்றவனின் மகன், அதே தெருவில் ஓர் அறை வாடகைக்கு எடுக்க முடியாமல் ஊர்ப்புறத்துக்குப் போனான். ஏரியும் இளைத்தது. லெர்மா ஆற்று நீரை மேற்புறத்து வயல்களும், ஏரிநீரைக் குவாதலஹாராவின் குழாய்களும் உறிஞ்ச, 1955-இலும், மறுபடி 2001, 2002-ஆம் ஆண்டுகளிலும் படகுத்துறை காய்ந்த மண்ணில் நின்றது. விலையேற்றம் தலைநகரையும் பிடித்தது. தம் நாட்டுச் சம்பளத்துக்குக் கம்பியூட்டரில் வேலை செய்தபடி வந்து தங்கும் இளம் அந்நியரால் வாடகை ஏறிவிட்டது என்று, 2025 ஜூலை 4-ஆம் நாள் மெக்ஸிக்கோ நகரில் ஊர்வலம் நடந்தது; கடைக் கண்ணாடிகளும் உடைந்தன. கண்ணாடி உடைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. எனினும் 1917-இல் எழுதியவர்கள் எதற்கு அஞ்சினார்களோ, அதன் சாயல் வேறு உடையில் வந்துவிட்டதோ என்று அவ்வூர் இளைஞர் கேட்பதை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட இயலாது.

கடைசியாக, மாதம் எட்டு டாலர் வாங்கிய அந்த வேலைக்காரியிடம் வருவோம். மெக்ஸிக்கோவில் தொழிலாளரின் வைத்தியத்துக்கும் முதுமைக்கும் சமூகக் காப்பு நிலையம் 1943-இல் தொடங்கப்பட்டது. நீல் ஜேம்ஸ் ஏரிக்கரைக்கு வந்த ஆண்டும் அதுவே. ஆலைத் தொழிலாளிக்கு அதிற் சேர்வது கட்டாயம். வீட்டு வேலை செய்பவருக்கோ, எஜமானர் விரும்பினால் சேர்க்கலாம் என்ற அளவே. ஆண்டுச் சந்தா கட்டி அயல்நாட்டு விருந்தினரும் விரும்பினால் சேரலாம். திருநாட் பணமாகப் பதினைந்து நாட் கூலியை டிசம்பர் இருபதுக்குள் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை விருந்தினரிற் பலர் ஒழுங்காகவே கடைப்பிடித்தனர். அன்போடு மேலும் கொடுத்தவரும் உண்டு. வேலைக்காரியின் பிள்ளையைப் படிக்கவைத்தவரும் உண்டு. ஆனால் முப்பது ஆண்டு அவர் படுக்கையை விரித்தவளுக்கு, கை நடுங்கும் காலத்தில் மாதந்தோறும் வருவது என்ன? ஒன்றுமில்லை.

ஐம்பது ஆண்டுக்கு மேல் வீட்டு வேலை செய்து கிழவியாகிவிட்ட ஒரு மாது இதே கேள்வியை நியாயஸ்தலத்தில் கேட்டாள். 2018 டிசம்பர் 5-ஆம் நாள், வீட்டு வேலையாளரைக் கட்டாயக் காப்பிலிருந்து விலக்கிவைப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று மெக்ஸிக்கோவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் தொழிற்சட்டம் திருத்தப்பட்டது. 2020-இல் வீட்டு வேலையாளர் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை அரசாங்கம் ஏற்றது. 2022 நவம்பரில் பதிவு கட்டாயமாயிற்று. ஒரு நாள் வேலைக்கு அழைத்தாலும், அவள் பெயர், பிறந்த தேதி, கூலி ஆகியவற்றை எஜமானர் எழுதிப் பதிந்து தம் பங்கைக் கட்ட வேண்டும். எஜமானர் குவாதலஹாராவின் வக்கீலாயினும் சரி, ஏரிக்கரையின் அமெரிக்கக் கிழவராயினும் சரி. அத்தேசத்தில் வீட்டு வேலை செய்வோர் இருபது இலட்சத்துக்கு மேல். அவர்களுட் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். சட்டம் வந்த பின்னும் பதியப்பட்டோர் நூற்றுக்கு ஐவரை எட்டவில்லை.